ஸ்மார்ட்வாட்ச் கேஸ்: அலுமினியமா, ஸ்டீலா, டைட்டானியமா?

தீபாவளிக்கு என் அக்கா மகன் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கினான். மாசி பிறப்பதற்குள் அதைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தான்.

"மாமா, மெட்டல் பாடின்னுதான் போட்டிருந்தாங்க. இப்ப பாருங்க."

ஸ்ட்ராப் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பூச்சு சுருண்டு உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் வெள்ளையாக, மாவு தூவினாற்போல் ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அது துத்தநாகம் அரித்து வரும் வெள்ளைத் துரு. ஐப்பசி, கார்த்திகை மழையும் பைக் ஓட்டும் கையின் வியர்வையும் சேர்ந்து மூன்று மாதத்தில் செய்த வேலை. பெட்டியில் 'மெட்டல்' என்று எழுதியிருந்ததில் பொய் இல்லை. துத்தநாகக் கலவையும் உலோகம்தான். எந்த உலோகம் என்று அவன் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்கவும், வரும் பதிலைப் புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில், கேஸ் என்பது எது?

வாட்ச் ரிப்பேர் கடையில் 'கேஸ்' என்றால் திரையைச் சுற்றிப் பக்கவாட்டில் ஓடும் கூடு. அதன் மேலே கண்ணாடி. அடியில் தோலைத் தொடும் பின்மூடி. இரு பக்கமும் ஸ்ட்ராப் அல்லது செயின். இந்த நான்கும் பெரும்பாலும் நான்கு வெவ்வேறு பொருள்களால் ஆனவை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது கேஸின் பொருள் மட்டுமே.

'டைட்டானியம் வாட்ச்' என்று வாங்குவதைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியின் நடுப்பகுதி செராமிக்காகவோ கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. இதயத்துடிப்பை அளக்கும் பச்சை ஒளி தோலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஒளி புகும் சாளரம் தேவை. கம்பியில்லாமல் சார்ஜ் ஆக வேண்டுமானால் சார்ஜரின் காந்தப்புலம் உள்ளே இருக்கும் சுருளை எட்ட வேண்டும். நடுவில் உலோகத் தகடு இருந்தால் அது சக்தியை உறிஞ்சிச் சூடாகும். ஆகவே கேஸுக்குக் கொடுக்கும் பணம் பக்கவாட்டுக்கும் விளிம்புக்கும் கொடுக்கும் பணம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அலுமினியம்: பெரும்பாலோருக்குப் போதுமானது

அலுமினியம் என்றதும் பலருக்கு வீட்டுச் சட்டிதான் நினைவுக்கு வரும். மெல்லியது, விழுந்தால் சொட்டை விழும், புளிக்குழம்பு வைத்தால் நிறம் மாறும். வாட்ச்சில் வருவது அந்த அலுமினியம் இல்லை. 2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச்சின் விலை குறைந்த வகையிலேயே துத்தநாகமும் மக்னீசியமும் கலந்து வலுவேற்றிய 7000 வரிசை அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். கலவையில் சிறிதளவு சேர்க்கும் துத்தநாகம் வலுவைத் தரும். கேஸ் முழுவதும் துத்தநாகமாக இருப்பதுதான் வேறு கதை.

இதன் மேற்பரப்பை 'அனோடைஸ்' செய்கிறார்கள். அமிலக் கரைசலில் கேஸை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால் மேல்தோல் அலுமினிய ஆக்சைடாக மாறும். நீலக்கல்லும் வேதியியல் முறையில் அதே அலுமினிய ஆக்சைடுதான். அந்த அடுக்கில் இருக்கும் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி, பிறகு துளைகளை அடைத்துவிடுவார்கள். நிறம் பெயிண்ட்போல் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. உலோகத்தின் தோலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் உரியாது.

ஆனால் அந்த அடுக்கு மிக மெல்லியது. சாதாரணமாக 25 மைக்ரானைத் தாண்டாது; தலைமுடி ஒன்றின் பருமனில் பாதிகூட வராது. அடியில் இருப்பது மென்மையான உலோகம். சுவரில் ஓங்கி இடித்தால் கடினமான மேல்தோலோடு சேர்ந்து உள்ளேயும் பள்ளம் விழும். விழுந்த பள்ளத்தைப் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. பாலிஷ் போட்டால் நிறமும் சேர்ந்து போய்விடும்.

இங்கே ஒரு நடைமுறை யோசனை. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிற அலுமினிய வாட்ச்சில் விளிம்பு தேய்ந்தால் அடியிலிருக்கும் வெள்ளை உலோகம் கோடாக மின்னும். எட்ட நின்று பார்த்தாலே தெரியும். வெள்ளி நிற வாட்ச்சில் அதே கீறல் கண்ணில் படாது. அலுமினியம் வாங்குவதாக முடிவு செய்தால் வெளிர் நிறத்தை எடுங்கள். கூடுதல் செலவே இல்லாத பாதுகாப்பு இது.

அலுமினியத்தின் பெரிய வரம் அதன் எடை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், அதே அளவு ஸ்டீல் ஏறக்குறைய 8 கிராம். 2022-இல் வந்த முதல் பிக்சல் வாட்ச்சின் கேஸை ஸ்டீலில் செய்த கூகுள், மறு ஆண்டே இரண்டாம் பிக்சல் வாட்ச்சை அலுமினியத்துக்கு மாற்றியது. எடை 36 கிராமிலிருந்து 31 கிராமாக இறங்கியது.

ஸ்டீல்: கனமும் பளபளப்பும்

எவர்சில்வர் நமக்கு அந்நியமில்லை. ஆனால் எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல. உப்பை எவர்சில்வர் டப்பாவில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால், டப்பாவின் அடியில் ஊசியால் குத்தினாற்போல் புள்ளிகள் விழும். உப்பில் இருக்கும் குளோரைடு ஸ்டீலின் பாதுகாப்புத் தோலைத் துளைத்துவிடுகிறது. இன்றும் பல வீடுகளில் உப்பு பீங்கான் ஜாடியில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வியர்வையும் உப்புத் தண்ணீர்தான். அதனால்தான் நல்ல கைக்கடிகாரங்களில் 316எல் என்ற ரகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14 சதவீதம், அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். அந்த மாலிப்டினம்தான் உப்பின் ஊசிக்குத்தைத் தடுக்கிறது. 'எல்' என்ற எழுத்து கரிமத்தின் அளவு குறைவு என்பதைக் குறிக்கும். நல்ல பாத்திரங்களில் வரும் 304 ரகத்தில் மாலிப்டினம் சேர்ப்பதில்லை. வாட்ச் விவரப் பட்டியலில் வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால், எந்த ரகம் என்று கேளுங்கள்.

ஸ்டீலில் மெல்லிய கீறல்கள் சீக்கிரம் விழும். கண்ணாடிபோல் பளபளக்கும் ரகத்தில் ஒரு மாதத்திலேயே நூல் நூலாகத் தெரியும். ஆனால் ஆழமாக நசுங்காது. விழுந்த கீறலை நீக்கவும் முடியும். இந்த வரிசையில், தெரு முனைக் கடையில்கூடப் புதுப்பிக்கக்கூடிய கேஸ் ஸ்டீல் ஒன்றுதான். ஒரே எச்சரிக்கை: பழைய சாவி வாட்ச்சைப் போலப் பாலிஷ் சக்கரத்தில் வைத்து அழுத்தத் தெரிந்தவர் எல்லாருக்கும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கையாளத் தெரியாது. சக்கரத்தின் சூடு உள்ளே இருக்கும் பசையையும் ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். தண்ணீர் புகாத தன்மை போய்விடும். மென்துணியும் பாலிஷ் பசையும் கொண்டு கையால் தேய்க்கச் சொல்லுங்கள்.

குறை எடைதான். ஆப்பிள் வாட்ச் 9-ஆம் வரிசையில் 45 மில்லிமீட்டர் அளவை எடுத்துக்கொள்வோம். அலுமினிய கேஸ் 38.7 கிராம், ஸ்டீல் கேஸ் 51.5 கிராம். ஏறக்குறைய 13 கிராம் வித்தியாசம். கடையில் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கனம் 'நல்ல சரக்கு' என்ற எண்ணத்தைத் தரும். இரவு தூக்கத்தை அளக்கவும் காலையில் ஓடவும் அதே வாட்ச்சைக் கட்டுகிறவருக்கு அந்த 13 கிராம் தொல்லை. கனமான வாட்ச் ஓட்டத்தில் மேலும் கீழும் ஆடும். ஆடினால் அடியிலுள்ள சென்சார் தோலைவிட்டு விலகும். துடிப்புக் கணக்கு தப்பும். அதைத் தடுக்க ஸ்ட்ராப்பை இறுக்கினால் காற்று புகாமல் தோல் வெந்துபோகும்.

டைட்டானியம்: விலைக்கு என்ன கிடைக்கிறது?

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்புக் கறுப்பாகப் படிந்திருப்பதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தக் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாது. அதே மணலில் கிடைக்கும் சிர்கான், சற்றுப் பின்னால் வரவிருக்கும் செராமிக்கின் தாது. அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் ஐஆர்இஎல் நிறுவனம் அங்கே இவற்றைப் பிரித்தெடுக்கிறது. பூமியின் மேலோட்டில் டைட்டானியம் தாராளமாகவே உண்டு. பிறகு ஏன் இந்த விலை?

தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் கடினம். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் கண்டறிந்த முறையில்தான் இன்றும் பெரும்பாலும் செய்கிறார்கள். தாதுவை முதலில் குளோரைடாக மாற்றி, காற்றுப் புகாத கலனில் மக்னீசியத்தோடு சேர்த்துப் பல நாள் சூடாக்கினால் கடற்பஞ்சு போன்ற உலோகம் கிடைக்கும். அதை மறுபடி உருக்கிக் கட்டியாக்க வேண்டும். பிறகு கடைசல் போடும்போது சூடு வெளியேறாமல் வெட்டும் கருவியின் முனையிலேயே தங்கும். கருவி சீக்கிரம் மழுங்கும். விலையின் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான்.

கிடைப்பது என்ன? ஸ்டீலுக்கு நிகரான வலு, அதன் எடையில் பாதிக்குச் சற்றே கூடுதலான எடையில். ஒரு கன சென்டிமீட்டர் 4.5 கிராம்தான். 2024-இல் ஆப்பிள் 10-ஆம் வரிசையில் ஸ்டீலை விட்டுவிட்டுப் பளபளப்பான டைட்டானியத்துக்கு மாறியது. 46 மில்லிமீட்டர் டைட்டானிய வாட்ச் 41.7 கிராம். சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் அல்ட்ராவும் டைட்டானியமே. கார்மின் ஃபீனிக்ஸ் 7-இல் ஸ்டீல் விளிம்புள்ளது 79 கிராம், டைட்டானிய விளிம்புள்ளது 73 கிராம். இந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள்: 6 கிராம்தான் வித்தியாசம். விளிம்பும் பின்புறமும் மட்டும் உலோகமாக இருக்கும் வாட்ச்சில் உலோகத்தை மாற்றி எடை குறைப்பதில் லாபம் சிறியது.

டைட்டானியத்தின் உண்மையான பெருமை தோலோடும் உப்போடும் அது பழகும் விதத்தில் இருக்கிறது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானாகவே ஓர் ஆக்சைடு தோல் படியும். கீறினால் மறுபடி படியும். கடல்நீர் அதை அரிப்பதில்லை. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடும் பல் வேரில் பதிக்கும் திருகும் டைட்டானியத்தில் செய்வது இதனால்தான். வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், ஏசி அறையில் ஸ்டீல்போல் சில்லென்று இருக்காது.

கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டைட்டானியத்தில் ரகங்கள் உண்டு. 1 முதல் 4 வரையுள்ளவை கலப்பற்றவை. 5-ஆம் ரகம் 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்தது; அதுவே கடினமானது. இரண்டிலும் கீறல் விழும். சாம்பல் கோடாகத் தெரியும். மங்கலான, பூச்சில்லாத டைட்டானியத்தில் அது மற்ற தேய்மானத்தோடு கலந்துவிடும். கறுப்புப் பூச்சுப் போட்ட டைட்டானியத்தில் தனியாகத் தெரியும்.

செராமிக்: கீறாது, உடையும்

இது டீக்கடைப் பீங்கான் இல்லை. சிர்கோனியப் பொடியை அச்சில் அழுத்தி, 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, வைரக் கருவியால் இழைத்து எடுப்பது. ராடோ நிறுவனம் 1986-லேயே கைக்கடிகாரத்தில் இதைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2016-இல் வெள்ளை செராமிக், 2017-இல் சாம்பல் செராமிக், 2019-இல் மறுபடி வெள்ளை என்று கொடுத்தது. அந்த வரிசையில் பிறகு தொடரவில்லை.

சாவி, ஜிப், மேஜை விளிம்பு எதுவும் இதில் கோடு போடாது. ஐந்து ஆண்டு கழித்தும் புதிதாகவே இருக்கும். தோலுக்கும் மிக நல்லது. ஆனால் உலோகம் அடிபட்டால் நசுங்கும். செராமிக் அடிபட்டால் விரியும். நம் வீடுகளில் குளியலறையிலிருந்து கூடம்வரை தரை முழுவதும் கிரானைட்டும் விட்ரிஃபைட் டைலும்தான். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முறை வழுக்கி விழுந்தால் போதும். விரிந்ததை யாராலும் சரிசெய்ய முடியாது. கழற்றி மாட்டும் பழக்கம் அதிகமுள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளாஸ்டிக்: இளப்பமாக நினைக்க வேண்டாம்

ஓட்டப்பந்தய வீரர்களும் மலையேறுபவர்களும் விரும்பிக் கட்டும் கார்மின் ஃபோர்ரன்னர், இன்ஸ்டிங்ட் போன்றவற்றின் கேஸ் இழை சேர்த்து வலுப்படுத்திய பாலிமர். பேச்சு வழக்கில் பிளாஸ்டிக். விலை உயர்ந்த வாட்ச்சுக்கு ஏன் பிளாஸ்டிக்? எடை குறைவு. அடியை வாங்கிக்கொண்டு சற்றே வளைந்து கொடுக்கும். ஜிபிஎஸ், புளூடூத் அலைகள் தடையில்லாமல் உள்ளே வரும். உலோகம் அலைகளை மறைப்பதால் மற்ற வாட்ச்சுகளில் ஆன்டெனாவுக்கென்று தனி இடைவெளி விட வேண்டியிருக்கிறது. துரு என்ற பேச்சே இல்லை.

தவிர்க்க வேண்டியது வேறொன்று: குரோம் பூசி உலோகம்போல் காட்டும் சாதாரண பிளாஸ்டிக். 'மெட்டாலிக் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதுதான். பூச்சுப் போனதும் அடியில் மஞ்சள் தட்டிய பிளாஸ்டிக் தெரியும்.

துத்தநாகக் கலவை: கவரிங் நகை

என் மருமகனுக்கு வாய்த்தது இது. 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அச்சில் ஊற்றினால் எந்த வடிவமும் சுலபமாக வரும். அதனால் மலிவு. ஒரு கன சென்டிமீட்டர் 6.6 கிராமுக்கு மேல் இருப்பதால் கையில் எடுத்தால் ஸ்டீல் போலக் கனக்கும். கனத்தை வைத்துத் தரத்தை எடைபோடும் நம் பழக்கம் இங்கே ஏமாறுகிறது.

இதை நகைக்கடை மொழியில் சொன்னால் கவரிங். மேலே முலாம் இருக்கும்வரை அழகு. வியர்வை அதிகம் தங்கும் ஸ்ட்ராப் மூட்டிலும், மேஜையில் உரசும் கீழ் விளிம்பிலும் முலாம் முதலில் போகும். பிறகு அரிப்பு உள்ளிருந்து தொடங்கும், நிற்காது. அலுவலக மேஜையோடு நாள் முடிகிறவருக்கு ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிக்கலாம். வெயிலில் அலைகிற கைக்கு வேண்டாம். அதே விலையில் பூச்சில்லாத நல்ல பிளாஸ்டிக் கேஸ் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கேஸுக்கு முன் கண்ணாடி

ஸ்மார்ட்வாட்ச்சில் நாம் பார்ப்பது திரையை. கேஸில் விழும் கீறல் கண்ணை உறுத்தும். கண்ணாடியில் விழும் கீறல் பயன்பாட்டையே கெடுக்கும்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5 முதல் 6 வரை. குவார்ட்ஸ் 7. சஃபையர் எனப்படும் நீலக்கல் 9. சமையலறைக் கிரானைட் மேடையில் குவார்ட்ஸ் இருக்கிறது. தெருப் புழுதியிலும் ஆற்று மணலிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. மேடையைத் துடைக்கும்போது மணிக்கட்டு ஒரு முறை உரசினால் சாதாரணக் கண்ணாடியில் கோடு விழுவது இதனால்தான். சஃபையர் கண்ணாடியில் விழாது. ஆனால் சஃபையரும் ஓங்கிய அடியில் உடையக்கூடியது. சாதாரணப் பலப்படுத்திய கண்ணாடி அடியைச் சற்று நன்றாகத் தாங்கும்.

நிறுவனங்கள் விலை உயர்ந்த கேஸோடுதான் சஃபையரைச் சேர்த்துத் தருவது வழக்கம். ஆப்பிள் வாட்ச்சில் அலுமினியத்துக்குப் பலப்படுத்திய கண்ணாடி, ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் சஃபையர். ஆகவே விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது 'உலோகத்துக்கு இவ்வளவா' என்று கேட்காமல், 'உலோகமும் கண்ணாடியும் சேர்ந்து இவ்வளவு' என்று கணக்குப் போடுங்கள். அலுமினியம் வாங்கினால் முதல் நாளே ஒரு ஸ்கிரீன் கார்டு ஒட்டிவிடுங்கள்.

தோல் ஒத்துக்கொள்ளுமா?

கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா? ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் வயிற்றில் அரிப்பு வருகிறதா? அப்படியானால் உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். 316எல் ஸ்டீலில் நிக்கல் இறுகப் பிணைந்திருப்பதால் வெளியே வருவது மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் டைட்டானியம், செராமிக், பிளாஸ்டிக் பக்கம் போவது நல்லது. ஸ்ட்ராப்பின் கொக்கியையும் பாருங்கள். கேஸ் டைட்டானியமாக இருந்து, மலிவான கொக்கி மணிக்கட்டின் உள்பக்கத்தில் அரிப்பதுண்டு.

மணிக்கட்டில் வரும் எல்லாத் தடிப்பும் ஒவ்வாமை அல்ல. அடியில் தங்கும் வியர்வையும், கை கழுவும்போது சேர்ந்து காயும் சோப்பும் பாதிக்குமேல் காரணம். இரண்டு நாள் வாட்ச்சைக் கழற்றிவைத்து, நன்றாகக் கழுவி உலர்த்தி, சற்றுத் தளர்த்திக் கட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேஸ் எத்தனை நாள், வாட்ச் எத்தனை நாள்?

2015-இல் ஆப்பிள் தன் முதல் வாட்ச்சை 18 காரட் தங்கத்திலும் விற்றது. விலை 10,000 டாலரில் தொடங்கியது. உள்ளே இருந்த சிப் விலை குறைந்த அலுமினிய வாட்ச்சில் இருந்த அதே சிப். 2018-இல் வாட்ச்ஓஎஸ் 5 வந்தபோது முதல் தலைமுறை வாட்ச்சுகளுக்கு அது கிடைக்கவில்லை. தங்கத்துக்கும் இல்லை, அலுமினியத்துக்கும் இல்லை. தங்கம் மங்கவில்லை. அதைக் கையில் கட்ட வைத்த மென்பொருள்தான் பழசாகிவிட்டது.

சாவி வாட்ச்சைத் தாத்தா பேரனுக்குக் கொடுக்கலாம். ஸ்மார்ட்வாட்ச்சைக் கொடுக்க முடியாது. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேயும். மென்பொருள் ஆதரவு சில ஆண்டுகளில் நிற்கும். அதனால் 'தலைமுறைக்கும் உழைக்கும்' என்ற காரணத்துக்காக விலை உயர்ந்த கேஸை வாங்காதீர்கள். தோல், எடை, கடல், வேலை என்று இன்றைய காரணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் கை நாள் முழுதும் எங்கே போகிறது?

மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை, வாட்ச் கட்டும் இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஒரு வேலைநாளைக் கழியுங்கள். இரவில் கழற்றிப் பாருங்கள். எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே அழுக்கேறியிருக்கிறது, எவ்வளவு நனைந்திருக்கிறது? கடைக்காரர் தரமுடியாத விவரம் அதில் இருக்கும். அதைக் கீழே உள்ளவற்றோடு பொருத்துங்கள்.

• அலுவலகம், கல்லூரி, வகுப்பறை: அலுமினியம், வெளிர் நிறம்.

• ஓட்டம், உடற்பயிற்சி, இரவுத் தூக்கக் கணக்கு: இழை சேர்த்த பிளாஸ்டிக் அல்லது அலுமினியம். எடைதான் முதல் கேள்வி.

• கடற்கரை ஊர், மீன்பிடித் தொழில், அடிக்கடி நீச்சல்: பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம். தண்ணீர் புகாமல் காப்பது உள்ளிருக்கும் ரப்பர் வளையம். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் '5 ஏடிஎம்' குறிப்பைத் தனியாகப் பாருங்கள்.

• கட்டட வேலை, வொர்க்ஷாப், வயல்: திரையைவிடச் சற்று உயர்ந்த விளிம்புள்ள பிளாஸ்டிக் கேஸ். வண்டி பேட்டரியில் கைவைக்கும் மெக்கானிக்குகள் உலோகச் செயினே கட்டக்கூடாது. இரு முனையையும் தொட்டால் மின்சுற்றுக் குறுகிக் கை வெந்துவிடும். கடைசல் இயந்திரத்தில் நிற்கும்போது எந்த வாட்ச்சும் வேண்டாம்.

• சமையலறையில் அதிக நேரம்: கேஸ் எதுவானாலும் சரி, கண்ணாடி சஃபையராக இருக்கட்டும்.

• முதியோர்: லேசானது. மெலிந்த மணிக்கட்டில் கனமான வாட்ச் சுழன்று உள்பக்கம் போய்விடும். விழுந்தால் தகவல் அனுப்பும் வசதி, இரவிலும் கழற்றாமல் கட்டியிருந்தால்தான் உதவும்.

• விசேஷம், பட்டுவேட்டி, கோட்டு சூட்டு: ஸ்டீல். அந்தப் பளபளப்புக்கு ஈடு வேறில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

1. கேஸின் பொருள் என்ன? 'மெட்டல்', 'பிரீமியம் அலாய்' பதில் ஆகாது. அலுமினியம், 316எல் ஸ்டீல், டைட்டானியம், துத்தநாகக் கலவை என்று பெயர் வேண்டும். பெட்டியிலோ நிறுவனத்தின் விவரப் பட்டியலிலோ எழுத்தில் பாருங்கள்.

2. நிறம் அனோடைஸா, பூச்சா, பெயிண்டா?

3. கண்ணாடி எது? பின்மூடி எது? கொக்கி எது?

4. ஸ்ட்ராப் இல்லாமல் எடை எத்தனை கிராம்?

பாத்திரக்கடையில் செய்வதுபோல் காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். அலுமினியம், 316எல், டைட்டானியம், துத்தநாகம் எதிலும் காந்தம் ஒட்டாது. உள்ளே இருக்கும் சார்ஜிங் காந்தம் இழுத்தால் தவறான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

வாங்கிய பிறகு

வியர்த்த நாளிலும் கடலில் இறங்கிய நாளிலும், தண்ணீர் புகாத வாட்ச்சாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, மென்துணியால் ஒற்றி எடுங்கள். சார்ஜ் ஏற்றுமுன் பின்பக்கம் காய்ந்திருக்கட்டும். வெள்ளிச் சாமானைத் துலக்குவதுபோல் விபூதியோ, பற்பசையோ, கம்பி நாரோ போட்டுத் தேய்க்காதீர்கள். பூச்சும் போகும், கண்ணாடியும் போகும். வாரம் ஒரு முறை ஸ்ட்ராப்பைக் கழற்றி, மூட்டில் சேரும் அழுக்கை மென்மையான பிரஷ்ஷால் எடுத்தால் போதும்.

முடிவாக

பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது வெளிர் நிற அலுமினியமும் ஒரு ஸ்கிரீன் கார்டும். வெயிலிலும் புழுதியிலும் உழைக்கும் கைக்கு இழை சேர்த்த பிளாஸ்டிக். தோல் தொல்லையோ கடல் தொடர்போ இருந்து, கையில் பணமும் இருந்தால் டைட்டானியம். பளபளப்பை விரும்பி, கனத்தைப் பொறுத்துக்கொள்பவருக்கு ஸ்டீல். செராமிக் மிகச் சிலருக்கு. பெயர் சொல்லாத 'மெட்டல்' யாருக்கும் வேண்டாம்.

அக்கா மகன் அடுத்து வாங்கியது வெள்ளி நிற அலுமினிய வாட்ச். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. ஸ்ட்ராப் மூட்டில் ஒரு பொட்டு அரிப்பில்லை. நீங்களும் கடைக்குப் போகும்போது அந்த முதல் கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "மெட்டல்னா, எந்த மெட்டல்?"